ஒரு கை உப்பு

மே 28

மதுரையிலிருந்து மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் சிஸ்டர் கலாராணி இந்த டைரியைக் கொடுத்து, ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் வந்ததா, வாந்தி எடுத்தாளா, என்ன சாப்பிட்டாள் என்று எழுதிவரச் சொன்னாள். "நான் அஞ்சாப்புதாம்மா" என்றேன். "அஞ்சாப்பு போதும்" என்றாள்.

இன்று காய்ச்சல் இல்லை. இரண்டு இட்லி தின்றாள். ஒன்று வெளியே வந்துவிட்டது.

டாக்டர் சொன்னதையும் எழுதி வைக்கிறேன், மறந்துபோகும். என் மகளுக்குத் தொடை எலும்பில் கட்டி. சார்கோமா என்று பெயர். மூன்று தடவை கீமோ ஏற்றியாயிற்று. கடைசியில் ஏற்றப்போகும் மருந்து ரொம்பக் கடுமை. கட்டியைக் கொல்லும், கூடவே எலும்புக்குள் ரத்தம் ஊறுவதையும் கொன்றுவிடும். அதனால் அதற்கு முன்னாலேயே அவள் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் எடுத்து உறையவைத்துவிடுவார்கள். கடும் மருந்து முடிந்ததும் அதைத் திரும்ப ஏற்றினால் புது ரத்தம் ஊறும். அது ரத்தத்தின் விதை மாதிரி என்றார் டாக்டர். விதை கையில் இல்லாமல் கடும் மருந்தைத் தொடவே முடியாதாம்.

"இதுதாம்மா சரியான நேரம். இன்னும் ரெண்டு மூணு கீமோ போயிட்டா எலும்பு களைச்சுப் போயிடும். அப்புறம் கேட்டாலும் தராது" என்றார்.

எலும்புக்குள் கிடக்கும் விதையை ரத்தத்துக்குக் கொண்டுவரத் தினம் ஒரு ஊசி. சின்னக் கண்ணாடிக் குப்பிகள் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். "குளிர்லயே இருக்கணும். வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கா?" என்று சிஸ்டர் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். "ஊருக்கே மீனுக்கு ஐஸ் போடுறவ நான். குளிரைப் பத்தி எங்கிட்டயா கேக்குறீங்க?" அவளும் சிரித்தாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மே 29

வீட்டு ஃப்ரிட்ஜ் உப்புக் காற்றில் துரு ஏறி, என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதே செத்துப்போனது. எனக்கு அது தேவையும் இல்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து அரை பார் ஐஸ் வாங்கி உடைத்து, சின்ன மீன் பெட்டியில் அடுக்கு அடுக்காகப் போட்டேன். நடுவில் குப்பிகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் புதைத்தேன். மேலே ஒரு கை உப்பு. கொச்சி லோடுக்குச் சீலா மீன் அனுப்பும்போது நான் செய்வதுதான். உப்பு விழுந்த ஐஸில் குளிர் இன்னும் கடுமையாகும். மீன் கல்லாகப் போய்க் கல்லாக இறங்கும். இந்தக் கடற்கரையில் என் பெட்டி மீன் கெட்டது என்று எவனும் திருப்பி அனுப்பியதில்லை.

ஊசி போடுவது என் மருமகள் ரெஜினா. கல்யாணத்துக்கு முன்னால் நர்ஸ் உதவிக்குப் படித்தவள். அந்தத் தலைக்கனம் உண்டு.

"மாமி, சிஸ்டர் குளிர்ல வைங்கன்னுதான சொன்னாவ. உப்பு எதுக்கு?"

"நீ ஊசியப் பாரு. ஐஸை நான் பாத்துக்கிடுதேன்."

குப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு, "கட்டியாட்டம் இருக்கே மாமி" என்றாள். உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டி உருக்கினாள். அதுவரை பிள்ளை சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

மே 31

காய்ச்சல் இல்லை. கஞ்சி, நெத்திலி வறுவல். முடியெல்லாம் கொட்டிவிட்ட தலையில் அண்ணன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "எம்மா, என்னைப் பாத்தா நம்ம பங்குச் சாமியார் மாதிரி இல்ல?" என்று கேட்டாள். ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். நாலு மாச வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியா சிரிப்பாள் ஒருத்தி.

இந்த ஊசிக்கு எலும்பெல்லாம் வலிக்கும், பயப்படாதீர்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். ஜெசிந்தாவுக்கு ஒரு வலியும் இல்லை. பக்கத்து வீட்டு லூர்தம்மாளிடம் சொன்னேன். மாதா காப்பாற்றுகிறாள் என்றாள். ஆமாம். நல்ல ஐஸும்தான்.

ஜூன் 2

வலி இல்லை.

ஜூன் 4

வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. சாயங்காலம் காய்ச்சல் அடித்தது. மாத்திரைக்குக் குறைந்தது. ஊசி எல்லாம் முடிந்தது. குப்பிகள் காலி. ரெஜினா ஒவ்வொன்றையும் கையில் வைத்து உருட்டித்தான் போட்டாள். கடைசிக் குப்பியில் நூல் நூலாக ஏதோ மிதந்ததாகச் சொன்னாள். வெள்ளெழுத்துக்காரிக்கு எங்கே தெரியும் என்பது மாதிரி என்னிடம் நீட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போடு என்றேன்.

ஜூன் 8

மதுரை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். விதை வெளியே வரவில்லையாம். நாளைக்குத் திரும்பப் பார்க்கலாம் என்றார்கள். மெஷினைக் காட்டினார்கள். வாஷிங் மெஷின் அளவு இருக்கிறது. ஒரு குழாயில் ரத்தம் போய் மறு குழாயில் திரும்பி வருமாம்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு பையன். விருதுநகர்ப் பக்கம். அவன் அம்மா பெயர் பேச்சியம்மா. போன தடவை ஊசிக்கு அவன் மூன்று நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினானாம். "எம் புள்ளைக்கு ஒரு வலியும் இல்ல" என்றேன். அவள் முகம் சுருங்கியது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 9

இன்றும் இல்லை. மெஷினுக்குப் போகவே இல்லை.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். நான், மகன் பெர்க்மான்ஸ், ரெஜினா.

"ஊசி எல்லாம் ஒழுங்காப் போட்டீங்களா?"

"ஒண்ணு விடாமப் போட்டேன் டாக்டர்" என்றாள் ரெஜினா.

"குளிர்ல வச்சிருந்தீங்களா?"

"ஐஸ்லயே வச்சிருந்தேன் டாக்டர்" என்றேன். "ஒரு நிமிசம் வெளிய வைக்கல."

"நல்லது. சில பேருக்கு இப்படி ஆகும். அடுத்த கீமோவுக்கு அப்புறம் இங்கயே வச்சுப் பார்ப்போம். ஆனா முதல் தடவை கிடைக்கிற மாதிரி கிடைக்காது."

ரெஜினா வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். மூடிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் யோசித்துக்கொண்டே நின்றேன். எனக்கு விளங்கிவிட்டது. மீன் எப்போது கெடுகிறது? ஐஸில் இருக்கும்போது கெடுவதில்லை. ஐஸிலிருந்து எடுத்து, கைச்சூடு பட்டு, தண்ணி விட்டால்தான் கெடுகிறது. ஒவ்வொரு குப்பியையும் உள்ளங்கையில் வைத்து உருட்டினாளே. பெர்க்மான்ஸிடம் சொன்னேன்.

"நெசமாவா?"

"எங் கண்ணால பாத்தேன். தெனமும்."

அவன் அவளிடம் போய்க் கேட்டான். "கட்டியா இருந்தா எப்படிங்க ஊசில ஏத்துறது?" என்று அவள் சொன்னது கேட்டது. அடித்துவிட்டான். அத்தனை ஜனம் பார்த்தது. நான் ஜெசிந்தாவுக்கு இளநீர் வாங்கப் போனேன்.

ஜூன் 12

ரெஜினாவை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டான் பெர்க்மான்ஸ். வேம்பாரிலிருந்து அவள் தம்பி வந்து கூட்டிப் போனான். நான் அனுப்பச் சொல்லவில்லை. இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை.

வாசலில் நின்று, "மாமி, பிள்ளைக்கு வாய்ப் புண்ணுக்கு உப்புத் தண்ணில கொப்பளிக்கக் குடுங்க" என்றாள்.

"நீ சொல்லித்தான் தெரியணுமாக்கும்."

ஜெசிந்தா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள்.

ஜூன் 13

என்னோடு பேசவில்லை. காய்ச்சல் இல்லை.

ஜூலை 14

நாலாவது கீமோ முடிந்தது. இந்தத் தடவை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஊசி எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே.

ஜூலை 16

இடுப்பு தெறிக்கிறது என்கிறாள். முதுகு, நெஞ்செலும்பு எல்லாம் உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். படுக்கையின் கம்பியைக் கடித்தாள். கம்பியின் பெயிண்டில் பல் பதிந்திருக்கிறது. நான் ஓடிப்போய் சிஸ்டர் கலாராணியைக் கூட்டிவந்தேன். "ஏதோ தப்பு நடக்குது, வந்து பாருங்க" என்று கத்தினேன்.

"தப்பு இல்லம்மா. மருந்து வேலை செய்யுது. வலிச்சா நல்லதுதான்" என்றாள்.

மே மாதம் ஒரு வலியும் இல்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

ஜூலை 19

மெஷினில் போட்டார்கள். கழுத்தில் குழாய். ரத்தம் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. உதடு மரத்துப்போய் எறும்பு ஊர்கிறது என்றாள். சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். பாலும் கொடுக்கச் சொன்னார்கள். காலையில் போட்டது, சாயங்காலம் வரை அசையக்கூடாது. மேலே தொங்கிய பையில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறால் தலை போட்டுக் காய்ச்சிய சாறு மாதிரி நிறம்.

"எம்மா, இதான் விதையா?"

"ஆமாட்டி."

"சாளை மீன் கொழம்பு மாதிரில்லா இருக்கு. இதுக்கா இந்தப் பாடு?"

சிரித்தோம். எத்தனை நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜூலை 20

இன்றும் மெஷின். ஒரே ஒரு பைதான். அதுவும் தேவைப்படுவதில் பாதி. டாக்டர் வந்தார். "மே மாசம் கிடைச்சிருந்தா இந்நேரம் கடும் மருந்தே முடிஞ்சிருக்கும்" என்று கூட வந்த சின்ன டாக்டரிடம் சொன்னார். எனக்குக் கேட்காது என்று நினைத்தார் போல.

பேச்சியம்மா மகனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவளுக்கும் குப்பி கொடுத்தார்கள். பட்டிக்காடு, கரண்டு அடிக்கடி போய்விடும், என்ன செய்வேன் என்று அழுதாள். நான்தான் சொன்னேன். ஐஸ் வாங்கி உடைத்துப் பெட்டியில் போடு, நடுவில் புதை, மேலே ஒரு கை உப்பு போடு, கல்லாக இறுகிவிடும், ஒன்றும் ஆகாது என்று.

சிஸ்டர் கலாராணி அந்தப் பக்கம் போனவள் நின்றாள்.

"ஐயையோ, உப்பா? அப்படிச் செஞ்சிராதீங்கம்மா. இந்த மருந்து குளிர்ல இருக்கணும், ஆனா உறையக் கூடாது. திரும்பத் திரும்ப உறைஞ்சா செத்துப்போயிடும். அப்புறம் போடுறது வெறும் தண்ணிதான். ஐஸ் மேல ஒரு துணியைப் போட்டு, அதுக்கு மேல குப்பிய வைங்க, போதும்."

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மீனுக்கு நீங்க, மருந்துக்கு நாங்க" என்றாள். பேச்சியம்மாவும் சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.

பெர்க்மான்ஸ் அப்போது டீ வாங்கக் கீழே போயிருந்தான்.

ஜூலை 21

காய்ச்சல் இல்லை. கஞ்சி குடித்தாள். உப்பு இல்லை என்றாள்.

ஜூலை 22

கஞ்சியில் இன்றும் உப்பு இல்லை என்றாள். டாக்டர் குறைக்கச் சொன்னார் என்றேன்.

ஆகஸ்ட் 11

கட்டி நுரையீரலில் ஏறிவிட்டது. படத்தில் காட்டினார்கள். மிளகு தூவினது மாதிரி இருக்கிறது. பாதி விதையை வைத்துக் கடும் மருந்து கொடுக்க முடியாது, கொடுத்தால் அதிலேயே போய்விடுவாள் என்றார் டாக்டர். இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு தரவில்லை.

ஆகஸ்ட் 15

மாதா பரலோகத் திருவிழா. வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். சப்பரம் தெருவில் வந்தபோது பெர்க்மான்ஸ் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். பஞ்சு மூட்டைக் கனம்தான் இருந்தாள். சப்பரத்தின் மேல் ஜனம் நேர்ச்சைக்கு உப்பும் மிளகும் எறிந்தது. எங்கள் பங்குக்கு லூர்தம்மாளை எறியச் சொன்னேன்.

ஆகஸ்ட் 27

மூச்சு வாங்குகிறது. சிலிண்டர் வைத்திருக்கிறோம். இன்று மத்தியானம் கேட்டாள்.

"ரெஜினா மைனிய வரச் சொல்லும்மா."

"வயித்துப் பிள்ளைக்காரி. நோவு வீட்டுக்கு வரக்கூடாது."

"ஒரு நாள் வந்தா என்ன?"

"சும்மா கிட."

கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "மைனி ஒண்ணும் செய்யலம்மா. ஐஸ் பெட்டிய விட்டு எடுக்கும்போதே மருந்து கல்லாத்தான் இருந்துச்சு. நான் தொட்டுப் பாத்தேன்."

"பேசாத. மூச்சு வாங்குது."

"அண்ணங்கிட்ட நீ சொல்லு."

"சொல்லுதேன்."

"எப்ப?"

"நீ மொதல்ல சொகமாகு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்க்மான்ஸ் கடலிலிருந்து வந்தபோது அவள் வாய் அசைந்தது. நான் மாஸ்க்கை எடுத்து மாட்டினேன். டாக்டர் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 3

காலையில் போய்விட்டாள்.

செப்டம்பர் 6

எழுத ஒன்றும் இல்லை. காய்ச்சல் எழுத வேண்டாம். சாப்பாடு எழுத வேண்டாம்.

அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். பம்பாயிலிருந்து என் கொழுந்தன் வர வேண்டும், மறுநாள் அடக்கலாம் என்று பெர்க்மான்ஸ் ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லிவிட்டான். வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். நான் குறுக்கே படுத்துவிட்டேன்.

"எம் பிள்ளைய ஐஸ்ல வைக்க விடமாட்டேன்."

"ஊர்ல எல்லாருக்கும் வைக்கிறதுதானம்மா" என்றார் கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை.

"ஐஸ் கூடாதுன்னா கூடாது."

பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே அடக்கினோம். கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் கோபமாக இருக்கிறார்.

ரெஜினா வந்திருந்தாள். ஏழு மாசம். ஓரமாக நின்றாள். "கை வெளங்காதவ வந்துட்டா பாரு" என்று யாரோ சொன்னார்கள். லூர்தம்மாள் குரல்தான். அந்தப் பேச்சு ஊருக்குள் எப்படிப் போயிற்று என்று கேட்டால், என் வாயிலிருந்துதான். ஜூன் மாதம் தண்ணிக் குழாயடியில் எல்லாரிடமும் சொன்னேன்.

அவள் என் கிட்டே வந்து குனிந்தாள்.

"மாமி, நான் ஒரு ஊசி கூட விடல. உங்களுக்குத் தெரியும்லா?"

"போய்ச் சாப்பிடு" என்றேன்.

சாப்பிடாமல் போய்விட்டாள்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மெழுகுதிரி காற்றில் நிற்கவில்லை. பெர்க்மான்ஸ் இரண்டு கையையும் குவித்து அணையாமல் பிடித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் பிடிப்பான்? கையை எடுத்ததும் அணைந்துவிட்டது.

நவம்பர் 9

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஜெசிந்தாவின் விதைப் பை இன்னும் அங்கே இருக்கிறதாம். அழிக்க வீட்டு ஆள் வந்து ஒப்புதல் தர வேண்டும். பெர்க்மான்ஸ் வருகிறேன் என்றான். நீ கடலுக்குப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நவம்பர் 11

கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். அங்கே வேலை பார்க்கிற பெண் யோசித்துவிட்டுக் கூட்டிப்போனாள். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தகட்டைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே பை. கல்.

"இது செத்துப்போச்சாம்மா?"

"இல்லம்மா, உயிரோடதான் இருக்கு. இப்படியே வருஷக்கணக்கா இருக்கும்."

"உறைஞ்சா செத்துப்போகும்னு சொன்னாங்களே."

"சும்மா உறைய வச்சா எல்லாம் செத்துடும். இதுல ஒரு மருந்து கலந்து, மெதுவா, பக்குவமா உறைய வைப்போம். அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க."

கையை நீட்டினேன். தொடக்கூடாது, தோல் ஒட்டிக்கொள்ளும் என்று தகட்டைத் திரும்ப உள்ளே இறக்கிவிட்டாள். மண்ணுக்குள் இருப்பவளின் விதை உள்ளே உயிரோடு இருக்கிறது. நாளைக்கு எரித்துவிடுவார்களாம்.

வெளியே வரும்போது சிஸ்டர் கலாராணி பார்த்துவிட்டாள். கட்டிப்பிடித்து அழுதாள். "அந்த முதல் தடவை மட்டும் கிடைச்சிருந்தா. ஏன் வரலைன்னு எனக்கு இன்னும் புரியலம்மா" என்றாள். பேச்சியம்மாவின் மகன் நன்றாக இருக்கிறானாம். பள்ளிக்கூடம் போகிறானாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

நவம்பர் 12

பெர்க்மான்ஸ் கேட்டான். "மொதத் தடவ ஏன் வரலன்னு எதுவும் சொன்னாவளாம்மா?"

"அவிய என்னத்தச் சொல்லப் போறாவ" என்றேன்.

நவம்பர் 24

ரெஜினாவுக்குப் பெண் குழந்தை. வேம்பாரிலிருந்து அவள் அப்பா போன் செய்தார். குழந்தைக்கு ஜெசிந்தா என்று பெயர் வைக்க ரெஜினா ஆசைப்படுகிறாளாம். நாங்கள் சரி என்றால்தான் வைப்பாளாம்.

நவம்பர் 26

காலையில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே பெர்க்மான்ஸ் பேச்செடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"எம்மா. நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?"

நான் மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அவ கைல வச்சு உருட்டுனதுலதான் மருந்து கெட்டுச்சுன்னு நீதான சொன்ன. ஒருவேள அப்படி இல்லியோ? நீ ஒரு வார்த்த இல்லன்னு சொல்லு. இன்னைக்கே போயி அவ கால்ல விழுந்து கூட்டியாறேன். எம் பிள்ளம்மா அது."

அவன் கண் அவன் அப்பா கண் மாதிரியே இருக்கும். ஜெசிந்தாவுக்கும் அதே கண்தான்.

"ஊசி போட்டது அவதான?" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு ரொம்ப நேரம் வலையையே பிரித்துக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 1

கொச்சி லோடு திரும்பி வந்துவிட்டது. என் பெட்டி நாலும். சீலா மீன் குழைந்து, கண் வெளுத்து, செவுள் கறுத்துக் கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் என் பெட்டி திரும்பியதில்லை. ஏஜெண்ட் போனில் கண்டபடி பேசினான். பெர்க்மான்ஸ் பெட்டியைக் கவிழ்த்துக் கையால் ஐஸை அள்ளி நக்கிப் பார்த்தான்.

"எம்மா, நீ உப்பே போடலியா?"

"மறந்துட்டேன்" என்றேன்.